நாட்டு மாடா என்று கேட்கிறோம். என்ன மேய்ந்தது என்று கேட்கிறோமா?

இயற்கை வேளாண்மைக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த ஊர்க் கூட்டத்திலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஜீவாமிர்தத்துக்கு நாட்டு மாட்டுச் சாணம்தான் வேணுமா? கலப்பின மாட்டுச் சாணம் ஆகாதா?" இதற்கே அரை மணி நேரம் போய்விடும். ஆகவே ஆகாது என்பார் ஒருவர். பாதிக்குப் பாதி கலந்துக்கலாம் என்பார் இன்னொருவர். ஒரு கிராம் சாணத்தில் எத்தனை கோடி நுண்ணுயிர் என்று கணக்குச் சொல்ல இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள். ஆனால் அந்த மாடு நேற்று என்ன தின்றது, எங்கே மேய்ந்தது, போன வாரம் அதற்கு என்ன ஊசி போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து. சாணத்தின் தரம் மாட்டின் இனத்தைவிட மாட்டின் தீனியில்தான் அதிகம் இருக்கிறது. கொட்டிலில் கட்டிப்போட்டு மூட்டைத் தீவனம் கொட்டி வளர்த்த நாட்டு மாட்டுக்கும், குளத்தங்கரையிலும் தரிசிலும் நாலு வகைப் புல்லும் பத்து வகைத் தழையும் கடித்து வருகிற மாட்டுக்கும் வயிற்றுக்குள் இருக்கிற உலகமே வேறு. இதைச் சொல்வதால் நாட்டு மாட்டின் பெருமை குறைந்துவிடாது. அந்தப் பெருமை எதில் இருக்கிறது என்பது இன்னும் தெளிவாகத்தான் ஆகும்.

மாடு சுமக்கிற டிரம்

மாடு புல் தின்று வாழ்கிறது என்கிறோம். கறாராகப் பார்த்தால் மாட்டால் புல்லைச் செரிக்கவே முடியாது. புல்லும் வைக்கோலும் பெரும்பாலும் நார். அந்த நாரை உடைக்கிற நொதி மாட்டின் உடம்பில் சுரப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது மாட்டு வயிற்றின் நாலு அறைகளில் முதலாவதான பெருவயிற்றில் குடியிருக்கிற நுண்ணுயிர்கள்.

நாம் 200 லிட்டர் டிரம்மில் ஜீவாமிர்தம் ஊற வைக்கிறோம். வளர்ந்த பெரிய மாட்டின் பெருவயிறு 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். அதாவது மாடு ஒரு டிரம்மைத் தன் வயிற்றிலேயே சுமந்துகொண்டு நடக்கிறது. காற்றுப் புகாத, எப்போதும் கதகதப்பாக இருக்கிற, நாள் முழுக்கத் தானே கலக்கிக்கொள்கிற டிரம். அதில் ஒரு மில்லி திரவத்தில் ஆயிரம் கோடி பாக்டீரியாக்களாவது இருக்கும். உலக மக்கள்தொகையே 800 கோடிச் சொச்சம்தான். அவற்றோடு நீந்தித் திரிகிற ஓரணு உயிர்கள் லட்சக்கணக்கில் உண்டு. 1843-லேயே பாரிஸில் குரூபி, டெலாஃபோன் என்ற இருவர் இந்த ஓரணு உயிர்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். பூஞ்சைகளும் அங்கே வாழ்கின்றன என்று காட்ட 1975 ஆயிற்று. காலின் ஆர்பின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆட்டின் பெருவயிற்றில் அதைக் கண்டார். காற்றில்லாத இடத்தில் பூஞ்சை வாழாது என்றே அதுவரை நம்பியிருந்தார்கள். கெட்டியான வைக்கோல் தண்டுக்குள் வேர் விட்டுப் பிளப்பது இந்தப் பூஞ்சைகள்தான்.

இவை நாரைப் புளிக்க வைத்து விடுகிற அமிலங்கள்தான் மாட்டுக்குச் சாப்பாடு. மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் இப்படி வருகிறது. அதோடு முடியவில்லை. பெருகிய நுண்ணுயிர்கள் அடுத்தடுத்த அறைகளுக்கு இறங்கும்போது மாடு அவற்றையே செரித்துக்கொள்கிறது. அதன் புரதத்தில் பாதிக்கு மேல் அப்படிக் கிடைப்பதுதான். ஆக, நாம் மாட்டுக்குத் தீனி போடவில்லை. நுண்ணுயிருக்குப் போடுகிறோம், நுண்ணுயிர் மாட்டுக்குப் போடுகிறது. மண்ணைப் பற்றி நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்னதும் இதே கணக்குதானே. பயிருக்கு உணவு கொடுக்காதே, மண்ணில் இருக்கிற உயிருக்குக் கொடு என்றோம். மண்ணுக்குப் பொருந்துகிற நியாயம் மாட்டு வயிற்றுக்கும் பொருந்தும்.

பனிக்காட்டு மானும் நம் ஊர்க் கல்பாசியும்

வயிற்றுக்குள் யார் குடியிருப்பது என்பதைத் தீனிதான் தீர்மானிக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி, யாரும் தீவனம் வைக்காத காட்டு மிருகங்கள். அதிலும் கடுமையான இடத்தில் வாழ்கிற பனிக்கலைமான்.

நார்வேக்கும் வடதுருவத்துக்கும் நடுவில் ஸ்வால்பார்டு என்று ஒரு தீவுக்கூட்டம். அங்கே கோடை மிகக் குறுகியது. பச்சைப் புல் சில வாரம்தான். மிச்ச மாதமெல்லாம் பனியைக் காலால் பறித்து அடியில் கிடக்கும் காய்ந்த செடியையும் பாசியையும் மேய வேண்டும். மேலே சொன்ன ஆர்பினும் நார்வே ஆய்வாளர்களும் இந்த மான்களின் பெருவயிற்றை 1980-களில் ஆராய்ந்தார்கள். கோடையில் பெருகியிருந்த பாக்டீரியாக்கள் குளிர்காலத்தில் வெகுவாகக் குறைந்திருந்தன. எண்ணிக்கை குறைந்ததோடு கலவையும் மாறியிருந்தது. கோடையில் ஒரு கூட்டம் கை ஓங்கியிருக்கிறது, பனியில் வேறொரு கூட்டம். மான் ஒன்றுதான்; உள்ளே வேலை பார்க்கிற ஆட்கள் மாறிவிட்டார்கள்.

நார்வே நிலப்பரப்பில் மேய்கிற பனிக்கலைமான்களுக்குக் குளிர்காலத் தீனி பெரும்பாலும் லைக்கன். நமக்குத் தெரியாத பொருள் இல்லை. மசாலாக் கடையில் வாங்குகிற கல்பாசி அந்த வகைதான். லைக்கன் பலவற்றில் உஸ்னிக் அமிலம் என்றொரு கசப்பான நச்சு உண்டு. தன்னை யாரும் மேயாமல் இருக்க அது வைத்திருக்கிற காவல். பல பாக்டீரியாக்களையே அது கொல்லும். ஆனால் பனிக்கலைமானின் வயிற்றில் அது முழுதாகச் சிதைந்து போகிறது என்று நார்வே ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த நச்சைத் தாங்கி வாழ்கிற ஒரு பாக்டீரியாவையும் பிரித்தெடுத்து, 2008-ல் அதற்கு மானின் பெயரையே சேர்த்து வைத்தார்கள்.

அந்தப் பக்கத்து மேய்ப்பர்கள் படுகிற ஒரு சங்கடத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மழை பெய்து பனிமேல் பாளமாக உறைந்துவிட்டால் மானால் பாசியைத் தோண்ட முடியாது. பட்டினி கிடக்கும். இரங்கிப் போய் உலர்புல்லைக் கொண்டுவந்து கொட்டினால், வயிறு நிறையப் புல்லோடு மான் செத்துப் போவது உண்டு. புல் நல்ல புல்தான். அதை உடைக்கிற கூட்டம் உள்ளே இல்லை, அவ்வளவுதான்.

இது எங்கோ நடக்கிற கதை என்று தள்ள வேண்டாம். ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் நம் ஊரில் நடக்கிறது. மாட்டுக்கு மரியாதை என்று நினைத்து ஒரு குத்துச் சட்டிப் பொங்கலை வைப்போம். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தொட்டியில் கொட்டுவோம். மறுநாள் மாடு அசை போடாது, வயிறு உப்பும், காது தொங்கும். திடீரென்று வந்த அரிசி மாவுச்சத்தை ஒரு வகைப் பாக்டீரியா அள்ளித் தின்று வெள்ளமாகப் பெருகி அமிலத்தை விடுகிறது. அந்த அமிலத்தில் நாரை உடைக்கிற கூட்டம் செத்துப் போகிறது. கால்நடை மருத்துவர் சமையல் சோடாவைக் கரைத்துக் கொடுக்கச் சொல்வது அந்தப் புளிப்பை முறிக்கத்தான். சில மாடு பிழைக்கும், சில பிழைக்காது.

ஆடு கொடுத்த மருந்து

இன்னொரு கதை நமக்கு நேரடியாகவே உதவும். சவுண்டல் என்கிற சூபாபுல் மரத்தை எல்லாரும் அறிவோம். மெக்சிகோ பக்கத்து மரம். புரதம் நிறைந்த தழை. ஆனால் அதில் மைமோசின் என்று ஒரு நச்சு இருக்கிறது. தழையை அதிகம் தின்ற மாட்டுக்கு முடி கொட்டும், கழுத்து வீங்கும், எடை ஏறாது. ஆஸ்திரேலிய மாட்டுக்காரர்கள் இந்தத் தொல்லையால் தவித்தார்கள். ஹவாய்த் தீவில் மட்டும் ஆடுகள் அதே தழையை வயிறு முட்டத் தின்று நன்றாக இருந்தன.

ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய அரசு ஆய்வாளர், வித்தியாசம் ஆட்டிலோ மரத்திலோ இல்லை, வயிற்றுக்குள் இருக்கிற நுண்ணுயிரில் இருக்கிறது என்று ஊகித்தார். 1980-களின் தொடக்கத்தில் ஹவாய் ஆடுகளின் பெருவயிற்று நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து அங்குள்ள கால்நடைகளுக்குக் கொடுத்தார். நச்சு போன இடம் தெரியவில்லை. வேலை செய்த பாக்டீரியாவுக்கு 1992-ல் அவர் பெயரையே வைத்தார்கள். குவீன்ஸ்லாந்து உழவர்களுக்கு அந்த நுண்ணுயிர்க் கரைசல் விநியோகம் ஆயிற்று. மந்தையில் சில மாடுகளுக்கு ஊற்றினால் போதும், சேர்ந்து மேயும்போது மற்றவற்றுக்கும் பரவிவிடும்.

அதே ஆஸ்திரேலியாவில், துவர்ப்பு நிறைந்த வேல மரத் தழையைக் கடித்து வாழ்ந்த காட்டாடுகளின் வயிற்றிலிருந்து அந்தத் துவர்ப்பைத் தாங்குகிற பாக்டீரியா ஒன்றை 1994-ல் பிரித்தார்கள். நம் வெள்ளாடு உடைமரத்துக் காயையும் கருவேலங்காயையும் எப்படிச் சளைக்காமல் தின்கிறது என்று யோசித்திருப்போம். பல தலைமுறையாகத் தின்று, தாயிடமிருந்து குட்டிக்குக் கைமாறி வந்த கூட்டம் அதன் வயிற்றில் இருக்கிறது.

தனித்தனிக் கதைகள்தானே என்று கேட்கலாம். நியூசிலாந்து ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஒரு பெரிய கணக்கெடுப்பு 2015-ல் வெளிவந்தது. 35 நாடுகளிலிருந்து, மாடு, ஆடு, எருமை, மான் என்று 32 வகைப் பிராணிகளின் வயிற்றிலிருந்து 742 மாதிரிகள். முடிவு இதுதான்: அடிப்படையான ஒரு கூட்டம் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கிறது, வேறுபாடுகளுக்குப் பெரிய காரணம் தீனி, எந்தப் பிராணி என்பது அதற்கு அடுத்துதான். நுண்ணுயிர் மாட்டின் சாதியைப் பார்ப்பதில்லை, தொட்டியைப் பார்க்கிறது.

நம் மலையடிவாரப் பாடம்

களக்காட்டிலிருந்து மேற்கே பார்த்தால் மலை. 895 சதுர கிலோமீட்டர் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-ல் அமைந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். பச்சையாறு அங்கிருந்துதான் இறங்கித் தாமிரபரணிக்குப் போகிறது. அந்த மலையில் காட்டு மாடு இருக்கிறது, மிளா இருக்கிறது, புள்ளிமான், உச்சிப் புல்வெளியில் வரையாடு, வாழைக்கு வருகிற யானை. இவற்றுக்கு யாரும் தாது உப்பு வைப்பதில்லை, குடல்புழு மருந்து ஊற்றுவதில்லை. பருவத்துக்குப் பருவம் வேறு வேறு தழையைத் தேடி நடக்கின்றன.

மலையடியில் வாழை வைத்திருக்கிறவர்களுக்கு யானை இலத்தியும் தெரியும், காட்டு மாட்டுச் சாணமும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யானை இலத்தியில் நாரும் குச்சியும் பட்டையும் அப்படியே கிடக்கும். யானை அசை போடாத மிருகம். அதன் நுண்ணுயிர்கள் பின்குடலில் இருக்கின்றன, தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியே வந்துவிடும். காட்டு மாட்டுச் சாணம் மாவாக அரைத்தது போல் இருக்கும். அசை போட்டு, ஊற வைத்து, சலித்து அனுப்புகிற வயிறு அது. யானைக் கன்று தாயின் இலத்தியைத் தின்னும். அருவருப்பாகத் தோன்றலாம். ஆனால் தாயின் வயிற்றுக் கூட்டத்தைக் கன்று வாங்கிக்கொள்கிற வழி அது. நம் கன்றுக்குட்டியும் அப்படித்தான். பிறக்கும்போது அதன் பெருவயிறு வளராத சின்னப் பை. தாய் நக்குவதிலும், தாயோடு சேர்ந்து புல் நுனியைக் கடிப்பதிலும்தான் அது குடியேற்றம் ஆகிறது. பிறந்த அன்றே கன்றைப் பிரித்து பாட்டிலில் பால் காட்டி வளர்க்கிற பண்ணைமுறை இந்தச் சங்கிலியை அறுக்கிறது.

இந்த அறிவு நம் ஊரில் புதிதல்ல. பிசான அறுவடை முடிந்ததும் கோனார் வீட்டு ஆடுகளை அழைத்து வந்து வயலில் கிடை போடச் சொன்னோமே, அது எதற்கு? பகலெல்லாம் தரிசிலும் குளத்துப் புறத்திலும் ஓடை ஓரத்திலும் மேய்ந்ததை ராத்திரி நம் வயலில் கொண்டுவந்து கொட்டுவதற்கு. எங்கெங்கோ மண்ணில் இருந்த சத்தும், அதைப் பதப்படுத்திய நுண்ணுயிரின் உடம்பும் புழுக்கையாக வயலுக்கு நடந்து வருகின்றன. ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம் என்ற பழமொழி அனுபவத்தில் வந்தது. கிடை போடுகிறவரிடம் பேசிப் பாருங்க. "எத்தனை ஆடு" என்பதோடு "எங்க மேய்ச்சல்" என்றும் கேட்டுத்தான் கூலி பேசினார்கள் நம் பெரியவர்கள்.

கொட்டிலில் என்ன நடக்கிறது

இப்போது நம் நிலைமையைப் பார்ப்போம். நெல் விளைந்த வயலில் ஏத்தன் வாழை நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு மாதப் பயிர், கிடை போட இடைவெளி இல்லை. மேய்ச்சல் புறம்போக்கில் கட்டடம் எழும்பிவிட்டது, இல்லாத இடத்தில் சீமைக்கருவேல் மூடிவிட்டது. மாடு மேய்க்க ஆள் இல்லை. விளைவாக, "இயற்கை விவசாயத்துக்காக" என்று சொல்லி நல்ல விலை கொடுத்து வாங்கி வந்த காங்கேயமோ புளியகுளமோ நாலடிக் கயிற்றில் நிற்கிறது. காலையில் மூட்டைத் தீவனம், மாலையில் வைக்கோல், நடுவில் ஒரே ரகத் தீவனப்புல்.

மாவுத் தீவனம் கூடக்கூட அசை போடுவது குறையும். அசை போடுவது குறைந்தால் உமிழ்நீர் குறையும். நார்த்தீனி தின்கிற பெரிய கறவை மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீரை விழுங்கும். அதில் கரைந்திருக்கிற சோடாச் சத்துதான் பெருவயிற்றின் புளிப்பைக் கட்டுப்படுத்துகிறது. அது குறைந்தால் பொங்கல் சோற்றில் ஒரே நாளில் நடந்தது இங்கே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். சாணத்தைப் பார்த்தாலே தெரியும். தண்ணியாக, நுரையோடு, புளித்த வாடையோடு, செரிக்காத தானியத்தோடு விழும். நல்ல மேய்ச்சல் மாட்டின் சாணம் அடை போல அடுக்காக உட்காரும், வாடை எடுக்காது.

அடுத்தது மருந்து. மாட்டுக்கு நோய் வந்தால் வைத்தியம் பார்க்கத்தான் வேண்டும், அதில் வீம்பு கூடாது. ஆனால் கொடுத்த மருந்து எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். டெட்ராசைக்ளின் போன்ற எதிருயிரி மருந்துகளில் கணிசமான பங்கு மாறாமலே சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியேறுகிறது. ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து பெரும்பாலும் சாணம் வழியாகத்தான் வெளியே வரும். 1987-ல் பிரிட்டனில், அந்த மருந்தை வயிற்றில் நின்று மெல்லக் கசியும் மாத்திரையாகக் கொடுத்த மாடுகளின் சாணத்தை வயலில் விட்டுப் பார்த்தார்கள். மருந்து கொடுக்காத மாட்டின் சாணம் வண்டுகளால் உடைந்து மண்ணோடு சேர்ந்தது. மருந்து கொடுத்ததன் சாணத்தில் வண்டும் புழுவும் பிழைக்கவில்லை. அது மட்காமல் கிடந்தது. அப்படிப்பட்ட சாணத்தைத்தான் வெல்லமும் பயறு மாவும் போட்டு, "நுண்ணுயிர்ப் பெருக்கம்" என்று சொல்லி, பயிருக்கு ஊற்றுகிறோமா? இந்தக் கேள்வியை நம் இயக்கத்துக்குள் நாமே கேட்டுக்கொள்ளாவிட்டால், வெளியே இருந்து கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெருவயிற்று நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை காற்றுப் பட்டால் சாகும். அவை அப்படியே ஜீவாமிர்தத்தில் வந்து மண்ணில் குடியேறுவதில்லை. காற்றைத் தாங்குகிற சில, குடலின் பின்பகுதியில் இருந்து வருகிற சில, நாம் போடுகிற ஒரு கைப்பிடி வரப்பு மண்ணில் இருந்து வருகிற பல சேர்ந்துதான் டிரம்மில் பெருகுகின்றன. செத்தவையும் வீண் அல்ல. சாணத்தில் இருக்கிற தழைச்சத்தில் பெரும்பங்கு நுண்ணுயிரின் உடம்புதான். மண்ணுயிருக்கு அது விருந்து. இப்படிச் சொன்னால் ஜீவாமிர்தத்தின் மதிப்பு குறையாது. கோடிக் கணக்குச் சொல்வதைவிட இது நம்பத் தகுந்த பேச்சு.

"அப்படின்னா நாட்டு மாடு வேண்டாமா?"

வேண்டும். ஆனால் காரணத்தைச் சரியாகச் சொல்வோம். நாட்டு மாடு இந்த வெயிலில் நாலு மைல் நடக்கும், முள்ளுக்குள் புகும், காய்ந்த சருகையும் கசப்புத் தழையையும் கடிக்கும், குறைந்த தீனியில் உழைக்கும். இந்த மேய்கிற திறமைதான் அதன் செல்வம். அதைக் கட்டிப்போட்டு மூட்டைத் தீவனம் வைத்தால் அந்தத் திறமையை நாமே மூட்டை கட்டி வைக்கிறோம். மறுபக்கம், வீட்டில் ஒரே ஒரு கலப்பினப் பசு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிற ஏழை உழவர், "என் சாணம் இயற்கை விவசாயத்துக்கு ஆகாதாம்" என்று ஒதுங்கிப் போகிறார். அவரை நாம் விரட்டுகிறோம். அந்தப் பசுவுக்கு நார்த்தீனி கூட்டி, நாலு தழை சேர்த்து, மருந்தைக் கவனமாகக் கையாளச் சொல்லிக் கொடுத்தால் அவரும் நம்மோடு நடப்பார்.

"மேய்ச்சல் என்றால் காட்டுக்குள் மாடு விடச் சொல்கிறாயா" என்று வன ஆர்வலர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1968-ல் முதுமலை, பந்திப்பூர் பக்கம் வெக்கை நோய் வந்து காட்டு மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வீட்டு மாட்டுக்கும் காட்டு மாட்டுக்கும் அந்த நோய் பொது. தடுப்பூசி போட்டுப் போட்டு 2011-ல்தான் உலகத்தை விட்டே அதை ஒழித்தார்கள். ஆகையால் புலிகள் காப்பகத்தின் உள்காட்டில் மந்தையை விட வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. சில நாளில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ மேய்ச்சலை ஒரு சமூக உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மலையடி ஊர்களின் கிடைக்காரர்கள் திண்டாடுகிறார்கள்.

என் வாதம் வேறு. காட்டுக்குள் போகாதே என்று சொல்கிற அரசும் நாமும், காட்டுக்கு வெளியே எங்கே மேய்ப்பது என்று சொல்ல வேண்டாமா? குளத்துக் கரையும், ஓடைப் புறம்போக்கும், மந்தை நிலமும் இருந்தபோது மாடு காட்டுக்குப் போக வேண்டிய தேவை குறைவாக இருந்தது. அதை எல்லாம் வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டு மாட்டுக்காரரை மட்டும் குற்றவாளி ஆக்குவது அநியாயம். மேய்ச்சல் நிலம் போனால் கிடைக்காரர் பிழைப்பு போகும் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. அதோடு நம் சாணத்தின் தரமும் போகும் என்பது நமக்கு இன்னும் உறைக்கவில்லை.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, தீனியை மாற்றும்போது அவசரம் வேண்டாம். புதுத் தழையோ, புதுத் தீவனமோ, கொஞ்சத்தில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கூட்டுங்கள். உள்ளே இருக்கிற கூட்டம் மாறுவதற்கு அவ்வளவு நாள் வேண்டும். சந்தையில் வாங்கி வந்த மாட்டுக்கு, அது பழைய இடத்தில் என்ன தின்றது என்று கேட்டு வாங்கி, முதல் வாரம் அதையே வையுங்கள்.

இரண்டாவது, வேலியையும் வரப்பையும் மேய்ச்சல் நிலமாக்குங்கள். அகத்தி, கிளைரிசிடியா, கல்யாண முருங்கை, வேலிமசால், சவுண்டல், ஓரத்தில் ஒரு உடைமரம், ஒரு வேம்பு. ஒரே புல்லை ஏக்கர் கணக்கில் போடுவதைவிட இந்தக் கலவை மேல். சவுண்டல் தழை பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். காரணம் மேலே பார்த்தோம். சோறும் பொங்கலும் மாட்டுக்கு ஒரு கைப்பிடி போதும். மரியாதை கழுத்து மாலையில் இருக்கட்டும்.

மூன்றாவது, கன்றைத் தாயோடும் மந்தையோடும் விடுங்கள். மாடு நோயில் விழுந்து அசை நின்றுபோனால், நல்ல மாட்டின் பெருவயிற்றுத் திரவத்தைக் கொடுத்துத் தேற்றுகிற வைத்தியம் கால்நடை மருத்துவர்களிடம் இருக்கிறது. அசைக் கவளத்தை ஒரு மாட்டின் வாயிலிருந்து எடுத்து நோய் மாட்டுக்குக் கொடுப்பது ஐரோப்பிய உழவர்களின் பழைய கைப்பழக்கமும்கூட. மருத்துவரிடம் கேளுங்கள். நோய் தொற்றாத மாடாகப் பார்த்து அவர் செய்யட்டும்.

நான்காவது, எதிருயிரி ஊசியோ புழு மருந்தோ கொடுத்தால் நாளைக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று வாரச் சாணத்தைத் தனிக் குழியில் போட்டு நன்றாக மட்க விடுங்கள். அதை ஜீவாமிர்தத்துக்கோ பஞ்சகவ்யாவுக்கோ எடுக்க வேண்டாம். சாணம், கோமியம் வெளியே வாங்குகிறவர்கள், இனத்தைக் கேட்பது போலவே தீனியையும் மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாவது, கிடைக்காரரை மறுபடி அழையுங்கள். ஒரு வயல்காரர் அழைத்தால் அவருக்குக் கட்டாது. பத்து வயல்காரர்கள் சேர்ந்து, எந்த மாதம் யார் வயல் காலி என்று பேசி வைத்துக்கொண்டு அழைத்தால் ஒரு மந்தை ஒரு மாதம் நம் ஊரில் தங்கும். கார் பருவத்துக்கு முன்னால் கோடை இடைவெளி இன்னும் சில வயலில் இருக்கிறது.

ஆறாவது, கிராம சபை. உங்கள் ஊர் அடங்கலிலும் புலப்படத்திலும் மேய்ச்சல் புறம்போக்கு எவ்வளவு என்று இருக்கிறதோ பாருங்கள். எதுவும் மிஞ்சியிருந்தால் அதை வேறு வகைக்கு மாற்றக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள். சீமைக்கருவேலை எடுத்த இடத்தில் உள்ளூர்ப் புல்லும் தீவன மரமும் வைக்கக் கேளுங்கள். குளம் தூர் வாரும்போது கரையில் மாடு இறங்க ஒரு சரிவு விடச் சொல்லுங்கள்.

இதில் கையில் இருக்கிறதைக் கொண்டே நாளைக்குத் தொடங்கக் கூடியவை முதல் நாலு. பின்னாடி இரண்டும் சேர்ந்து செய்ய வேண்டியவை, அதற்குத்தான் இயக்கம் இருக்கிறது. அடுத்த பயிற்சிக் கூட்டத்தில் யாராவது எழுந்து "நாட்டு மாட்டுச் சாணம்தான் வேணுமா" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: "உங்க மாடு என்ன மேயுது, அண்ணாச்சி?"